கம்போடியாவில் 1 விழுக்காட்டுக்கும் கீழ், தென்னாப்பிரிக்காவில் 33: வேலையின்மை எண்ணை எப்படிப் படிப்பது?

மாலைவகுப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாரம் இரு மாலைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரப் பாடம் எடுத்து வருகிறேன். சென்ற வாரம் சில நாடுகளின் வேலையின்மை விகிதங்களைப் பலகையில் எழுதிப் போட்டேன். கத்தார் 0.1 விழுக்காடு, கம்போடியா ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, இந்தியா, 2023-24 ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3.2, ஸ்பெயின், 2024-இல் 11-க்கும் மேல், தென்னாப்பிரிக்கா, 2024 முதல் காலாண்டில் 32.9.

எழுதி முடித்துத் திரும்பியதும் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "அப்படியானால் கம்போடியாவில் இருப்பவர்கள் ஸ்பெயினில் இருப்பவர்களைவிட நன்றாக வாழ்கிறார்களா, சார்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏழை நாடுகளில் கணக்கெடுப்பு சரியாக நடப்பதில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகு அந்தப் பதில் என்னையே உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏனெனில் இந்த எண்கள் எல்லாமே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகுத்த இலக்கணத்தைத் தழுவி எடுக்கப்பட்டவை என்றுதான் நானே அதே வகுப்பில் அரை மணி நேரம் முன்னதாகச் சொல்லியிருந்தேன்.

என் கேள்விகள் இரண்டு. ஒரே இலக்கணத்தில் எடுத்த எண், ஏழை நாடுகள் பலவற்றில் குறைவாகவும் ஓரளவு வசதியான நாடுகள் சிலவற்றில் அதிகமாகவும் வருவது ஏன்? நாடுகளை ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமென்றால் இந்த எண்ணை விட்டுவிட்டு வேறு எதைப் பலகையில் எழுத வேண்டும்? அடுத்த வகுப்புக்குள் அந்த மாணவிக்கு ஒழுங்கான பதிலைச் சொல்ல விரும்புகிறேன்.

படிவக்காரர்

வணக்கம் ஐயா. மாதிரிக் கணக்கெடுப்புகளுக்காகப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியே என் பணிக்காலம் கழிந்தது. ஆகவே பொருளாதார அறிஞர்கள் சொல்லும் விளக்கத்துக்கு முன்னால், அந்த எண் வாசற்படியில் எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒருவரை "வேலையற்றவர்" என்று எழுத மூன்று நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும். அவர் குறிப்பிட்ட காலத்தில், பெரும்பாலும் ஒரு வாரத்தில், எந்த வேலையும் செய்திருக்கக் கூடாது. வேலை கிடைத்தால் உடனே போகக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். வேலை தேடியும் இருக்க வேண்டும். 1982-இல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 13-ஆவது பன்னாட்டு மாநாடு வகுத்துக் கொடுத்த இலக்கணம் இது. இதில் முதல் நிபந்தனைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ ஆதாயத்துக்கோ உழைத்திருந்தாலும் அவர் "வேலையில் உள்ளவர்" ஆகிவிடுகிறார். ஒரு மணி நேரம் என்பது கேலிக்கூத்தாகத் தோன்றும். ஆனால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. நாட்டின் உற்பத்தி மதிப்பைக் கணக்கிடும்போது அந்த ஒரு மணி நேர உழைப்பின் விளைவும் சேர்க்கப்படுவதால், உழைத்தவரின் தலையையும் எங்காவது எண்ணித்தானே ஆக வேண்டும்?

இப்போது ஒரு வீட்டுக்குள் போவோம். மில்லில் வேலை போய்விட்ட ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சேமிப்பு இல்லை, வேலையிழப்புக் கால உதவித்தொகையும் இல்லை. மறுநாளே தள்ளுவண்டியில் கீரை விற்கிறார். நாளுக்கு நூறு ரூபாய் மிஞ்சினாலும் அவருக்கு என் படிவத்தில் குறியீடு 11, அதாவது சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர். அடுத்த வீட்டில் ஒரு பொறியியல் பட்டதாரி. தந்தை ஓய்வூதியம் வாங்குகிறார். மகன் இரண்டாண்டுகளாக நல்ல வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குறியீடு 81, வேலையற்றவர். இருவரில் யார் நிலை மோசம் என்று கேட்டால் எவரும் முதலாமவரைத்தான் காட்டுவார்கள். ஆனால் வேலையின்மை விகிதத்தை உயர்த்துகிறவர் இரண்டாமவர்.

வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருப்பதற்கும் யாராவது சோறு போட வேண்டும். இது ஒரே நாட்டுக்குள்ளேயே தெரியும். இந்தியாவின் வேலைவாய்ப்பு நிலை குறித்து 2024-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், 2022-ஆம் ஆண்டில் இளைஞர்களுள் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு என்றும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 விழுக்காடு என்றும் இருக்கிறது. படிக்காமல் இருப்பது நல்லது என்று இதற்கு யாரும் பொருள் சொல்லமாட்டோம் அல்லவா? கம்போடியாவையும் ஸ்பெயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது நாம் ஏறக்குறைய அந்தத் தவற்றைத்தான் செய்கிறோம்.

இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. 1936-இல் பிரிட்டனின் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் இதை "மறைமுக வேலையின்மை" என்று அழைத்தார். ஆலையில் வேலை இழந்து லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் தீப்பெட்டி விற்க வந்தவர்தான் அவர் காட்டிய எடுத்துக்காட்டு. நம்மூரில் அந்தத் தீப்பெட்டிக்காரரைத் தேடி லண்டன் வரை போக வேண்டியதில்லை.

கொழும்புத்துறை

படிவக்காரர் ஐயா சொன்னதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. அதை அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டு இலங்கையில் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி வறுமையில் வாழ்பவர்களின் பங்கு முந்தைய ஆண்டை விட ஏறத்தாழ இரு மடங்காகி, நால்வரில் ஒருவர் என்ற நிலைக்கு வந்தது. வேலையின்மை வீதம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2021-இல் 5.1 சதவீதமாக இருந்தது 2022-இல் 4.7 ஆகக் குறைந்தது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஊழியப்படை அளவீடு தந்த எண் அது. அதில் எவரும் கை வைத்ததாக நான் நினைக்கவில்லை.

நடந்தது வேறு. எங்கள் ஒழுங்கையில் கட்டட வேலைக்குப் போய் வந்த இரண்டு பேருக்குச் சீமெந்து விலை ஏறியதும் வேலை நின்றது. ஒருவர் விறகு வெட்டி விற்றார்; மற்றவர் தம்பியின் மீன் வியாபாரத்தில் கூட நின்றார். அளவீட்டுக்கு வந்தவர் கேட்டிருந்தால் இருவருமே தொழிலில் இருப்பவர்கள். மாதச் சம்பளக்காரருக்கு வேலை போகவில்லை. சம்பளத்தின் பெறுமதிதான் போனது. முப்பதாயிரம் ரூபாய்க்கு முன்பு வாங்கியதில் பாதியைத்தான் வாங்க முடிந்தது என்றாலும் எண்ணிக்கையில் அவர் முழு ஆள். இன்னும் ஒரு பெரிய கூட்டம் விமானம் ஏறியது. அந்த ஓராண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். போனவர் அந்த விகிதத்தின் மேல் எண்ணிலும் (வேலையற்றோர்) இல்லை, கீழ் எண்ணிலும் (ஊழியப்படை முழுவதும்) இல்லை.

ஆகவே ஐயா, ஒரு நாட்டில் அடி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த எண் அசையும் என்பதும் இருக்கிறது. சில நாடுகளில் அடி வேலையில் விழும். எங்கள் நாட்டில் அது மெய்க்கூலியில், அதாவது சம்பளத்தின் வாங்கும் சக்தியில், விழுந்தது.

வட்டமேசை

நல்ல இழை. இலக்கணம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நாட்டின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் 2020 கடைசிக் காலாண்டில் வேலையின்மை 33.3 விழுக்காடு என்று அறிவித்தது. 2023-இல் வெளியிட்ட புதிய கணக்கில், அந்த ஆண்டின் முதல் காலாண்டுக்கு 4.1 விழுக்காடு என்றது. இடைப்பட்ட காலத்தில் அங்கே கோடிக்கணக்கானோருக்கு வேலை கிடைத்துவிடவில்லை. பழைய முறையில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைவாக உழைத்தவர் வேலையற்றவராகவே எண்ணப்பட்டார். புதிய முறையில் பன்னாட்டு வழக்கப்படி ஒரு மணி நேரம் போதும் என்றாகிவிட்டது. அதே புதிய அறிக்கை, வேலையில் இருப்பவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் முறைசாரா வேலையில் (பதிவோ பணிப் பாதுகாப்போ இல்லாத வேலையில்) இருப்பதாகவும் சொல்கிறது. செய்தித்தாள்கள் 33-ஐயும் 4-ஐயும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டன. நாட்டைப் பற்றி அதிகம் சொன்னது இந்தத் தொண்ணூறுதான் என்பது என் எண்ணம்.

ருவாண்டாவில் எண் எதிர்த்திசையில் ஓடியது. படிவக்காரர் சொன்ன அதே புள்ளியியலாளர்களின் மாநாடு, 2013-இல் 19-ஆவது முறையாகக் கூடியபோது, விற்பதற்காக அல்லாமல் தன் வீட்டு உணவுக்காகவே பயிரிடுபவரின் உழைப்பை "வேலை" என்று ஏற்றாலும் "வேலைவாய்ப்பு" என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது. ருவாண்டா 2016 முதல் இந்த முறையைக் கைக்கொண்டபோது, அதுவரை இரண்டு விழுக்காட்டை ஒட்டிச் சொல்லப்பட்டு வந்த வேலையின்மை இரட்டை இலக்கத்துக்கு ஏறியது. வீட்டுக்காக அவரைக்காய் பயிரிட்டுக்கொண்டிருந்த அதே பெண்தான். கூலி வேலை கிடைத்தால் போவேன் என்று அவர் முன்பும் சொல்லியிருப்பார், ஆனால் அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்பட்டதே இல்லை.

ஆகவே மாலைவகுப்பு அவர்கள் வகுப்பில் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் தேவை. ஒரே இலக்கணம் என்பது ஏட்டில் இருக்கிறது. எந்த ஆண்டின் பதிப்பை எந்த நாடு எந்த ஆண்டில் கைக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவிலேயே நீங்கள் எழுதிய 3.2 என்பது கடந்த 365 நாள்களை வைத்துப் பார்க்கும் "வழக்கமான நிலை" எண். கடந்த ஏழு நாள்களை வைத்துப் பார்க்கும் "வார நிலை" எண் அதே 2023-24 கணக்கெடுப்பில் 4.9. தென்னாப்பிரிக்காவின் பக்கத்தில் வைக்க வேண்டுமானால் இந்த இரண்டாவது எண்ணை வைப்பதே முறை.

தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறேன், ஏனென்றால் "ஏழைக்கு வேலையற்றிருக்க வசதியில்லை" என்ற விளக்கம் அங்கே இடறுகிறது. ஏழைகள் கோடிக்கணக்கில் இருக்கும் நாடு அது. அந்த விளக்கப்படி அங்கேயும் எல்லாரும் கீரை விற்றுக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இல்லை. வேளாண்மை நீங்கலான முறைசாராத் துறையில் இருப்பவர்கள் மொத்த வேலைவாய்ப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேலை தேடுவதையே கைவிட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளும் விரிந்த கணக்கில் அதே 2024 முதல் காலாண்டின் எண் 41.9 ஆகிறது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் கறுப்பின மக்கள் நிலம் வைத்துக்கொள்ளக்கூடிய பரப்பை நாட்டின் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குள் அடைத்தது. 1936-இல் அது 13 விழுக்காட்டளவுக்கு விரிந்தது. நம் நாடுகளில் வேலை போனவன் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும் அரை ஏக்கர் நிலம் என்ற ஒன்று அங்கே பெரும்பான்மையோருக்கு இல்லாமல் செய்யப்பட்டது. நகரங்களில் அவர்கள் கடை வைப்பதற்கும் தொழில் நடத்துவதற்கும் நிறவெறி அரசு நெடுங்காலம் தடைகள் போட்டது. கறுப்பினத்தவர் நகரத்துக்குள் வர அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டங்கள் 1986 வரை நீடித்தன. குடியிருப்புகளை நகரத்தின் நடுவிலிருந்து தொலைவில் தள்ளி வைத்ததால், இன்றைக்கும் வேலை தேடப் போகிறவர் பேருந்துக்கும் சிற்றுந்துக்கும் கொடுக்கும் காசே பெருஞ்சுமை. தலைமுறை தலைமுறையாகச் சந்தையும் தெருக்கடையும் வளர விடப்படாத இடத்தில், நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு அவை தாமாக முளைத்துவிடவில்லை. முதியோர் ஓய்வூதியமும் குழந்தைகளுக்கான உதவித்தொகையும் குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காக்கின்றன. அவை இருப்பதால்தான் இளைஞர்கள் வேலை தேடுவதில்லை என்று சொல்வோரும் உண்டு, ஆனால் அந்தச் சிறு தொகையை வைத்து 33 விழுக்காட்டை விளக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

ஸ்பெயினின் கதை இதைவிடச் சுருக்கமானது. 2013-இல் அங்கே வேலையின்மை 26 விழுக்காட்டைத் தொட்டது. கட்டுமானத் துறை சரிந்ததும், தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்த ஏராளமானோரை ஒரே நேரத்தில் வெளியேற்ற முடிந்ததும் அதற்குக் காரணங்கள். வெளியேற்றப்பட்டவர்களை உதவித்தொகையும் பெற்றோரின் வீடும் தாங்கின. அங்கே அந்த எண் உண்மையான துயரத்தைத்தான் காட்டியது. ஆனால் அந்தத் துயரம் புள்ளியியலுக்குத் தெரியும்படி வெளியில் நின்றது.

தோஹாவில்_11_ஆண்டு

கத்தாரைப் பற்றி எவரும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

0.1 விழுக்காடு என்பதைப் பார்த்து எண்ணெய் வளத்தின் பெருமை என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டவர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்களும் அவர்களுள் நிறையவே உண்டு. எங்களுடைய குடியிருப்பு அனுமதி வேலை கொடுத்தவரோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் சில வாரங்களுக்குள் வேறு வேலைக்கு மாற வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். என்னோடு ஒரே அறையில் இருந்தவருக்கு ஒப்பந்தம் முடிந்தபோது அவர் ஒரு வாரத்தில் தென்காசியில் இருந்தார். கத்தாரின் கணக்கில் அவர் வேலையற்றவராக ஒரு நாள்கூட இருக்கவில்லை. வேலையின்மையை வேலை கொடுத்தவர்கள் ஏற்றுமதி செய்துவிடுகிறார்கள். அது வந்து இறங்கும் நாடு நம்முடையது.

ஊர் திரும்பியவரை நம் கணக்கெடுப்பு பிடிக்குமா என்றால், அவர் இப்போது அண்ணனின் ஆட்டோவைப் பகலில் ஓட்டுகிறார். படிவக்காரர் ஐயாவின் குறியீடு 11-தான் அவருக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

எதிர்வாதி

எல்லாரும் சேர்ந்து எண்ணைக் கழுவில் ஏற்றிவிட்டீர்கள். ஒரு மணி நேரம் உழைத்தவனும் வேலையில் இருப்பவன், விமானம் ஏறியவன் கணக்கிலேயே இல்லை, இலக்கணம் மாறினால் முப்பத்து மூன்று நான்காகிறது. இத்தனைக்கும் பிறகு இந்தப் புள்ளிவிவரத்தை எதற்காகப் பாடத்தில் வைக்க வேண்டும்? அரசுகள் தமக்கு வேண்டியபடி எண்ணை வளைக்கின்றன என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாமே. பிரிட்டனில் 1982-இல் என்ன நடந்தது? அதுவரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களை எண்ணியவர்கள், உதவித்தொகை பெறுபவர்களை மட்டும் எண்ணத் தொடங்கினார்கள். உதவித்தொகைக்கு உரிமையில்லாத மணமான பெண்கள் பலர் ஒரே வீச்சில் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். நெதர்லாந்தில் வேலையிழந்தவர்களை உடல்நலமற்றோர் உதவித் திட்டத்துக்குள் தள்ளித் தள்ளி, ஒன்றரைக் கோடி மக்கள் கொண்ட நாட்டில் அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் பத்து இலட்சத்தை நெருங்கியபோது, 1990-இல் பிரதமர் ரூட் லுபர்சே "நெதர்லாந்து நோயுற்றிருக்கிறது" என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்தியாவில் 2017-18 கணக்கெடுப்பின் 6.1 விழுக்காடு, 2019 தேர்தல் முடிந்து மே மாதக் கடைசியில்தான் முறைப்படி வெளிவந்தது.

வட்டமேசை

எதிர்வாதி அவர்கள் சொன்ன மூன்று செய்திகளும் சரியானவை. அவற்றிலிருந்து அவர் போகும் இடம்தான் சரியில்லை. அந்த 6.1 பொய்யாக இருந்திருந்தால் அதை வெளியிடத் தயங்கியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் அரசு தன் அலுவலகப் பதிவேட்டை வைத்து எண்ணியபோதுதான் விதியை மாற்றி எண்ணைக் குறைக்க முடிந்தது. வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதால், 1998-இல் அந்த நாடே அதைத் தன் முதன்மை எண்ணாக எடுத்துக்கொண்டது. நெதர்லாந்தின் நோயைக் கண்டுபிடித்ததும் இன்னொரு புள்ளிவிவரம்தான். ஒரு கணக்கிலிருந்து மறைந்த ஆள் வேறொரு கணக்கில் தலை காட்டுவார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

கொரோனா பரவிய 2020 இதற்கு மிகத் தெளிவான சான்று. ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் வேலையின்மை 14.7 விழுக்காட்டுக்குத் தாவியது. அதே மாதத்தில் இத்தாலியில் அது குறைந்தது. முதலில் வெளியான எண் 6.3. இத்தாலியில் கதவடைப்பின்போது எவரும் வெளியே போய் வேலை தேட முடியவில்லை. தேடாதவர் வேலையற்றவர் அல்லர் என்பதால் அவர்கள் "உழைப்புச் சந்தைக்கு வெளியே" என்ற பெட்டிக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனியில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் குறைநேர வேலைத் திட்டத்தில் இருந்தனர். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் அறுபடவில்லை, ஆகவே வேலையில் உள்ளவர்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டோர் என்று வேலையற்றோர் கணக்கில் வந்தார்கள். மூன்று நாடுகளிலும் கடைகள் ஒன்றுபோல மூடிக் கிடந்தன. எண்கள் வேறுபட்டதற்குக் காரணம், ஒவ்வொரு நாடும் தன் தொழிலாளியை அடியிலிருந்து காக்கும் வழி வேறாக இருந்தது. அந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

மாலைவகுப்பு அவர்களின் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. வேலையின்மை விகிதத்தைப் பலகையிலிருந்து அழிக்க வேண்டாம். ஒரு நாட்டின் இந்த ஆண்டை அதே நாட்டின் சென்ற ஆண்டோடு ஒப்பிட அது நல்ல எண். நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது அதன் பக்கத்தில் இன்னும் சில நிரல்களைப் போடுங்கள்: உழைக்கும் வயதினரில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மாதச் சம்பளக்காரர்கள், எத்தனை பேர் சொந்தக் கணக்கில் அல்லது ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உழைக்கிறார்கள், விலைவாசியைக் கழித்த கூலி எவ்வளவு. கம்போடியாவுக்கும் ஸ்பெயினுக்கும் உள்ள வேறுபாடு இரண்டாவது நிரலிலேயே தெரிந்துவிடும்.

படிவக்காரர்

வட்டமேசையார் சொன்ன நிரல்களில் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் எண் அதில் இருக்கிறது. இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, அதாவது வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த பங்கு, 2017-18-இல் 23.3 விழுக்காடு, 2023-24-இல் 41.7. ஆறே ஆண்டுகளில் இத்தனை ஏற்றம் உலகில் அரிது. கொண்டாடுபவர்கள் இருக்கிறார்கள், நம்பாதவர்களும் இருக்கிறார்கள். வேலையில் இருக்கும் பெண்களுள் சுயதொழில் என்ற வகையில் வருபவர்களின் பங்கு இதே காலத்தில் 51.9-இலிருந்து 67.4 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

படிவத்தில் குறியீடு 21 என்பது குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர். 92 என்பது வீட்டு வேலை மட்டும் செய்பவர். 93 என்பது வீட்டு வேலையோடு விறகு பொறுக்குதல், மாட்டுக்குப் புல் அறுத்தல், வீட்டுக்காகத் தைத்தல் போன்றவற்றைச் செய்பவர். 21 உழைப்பாளர், 92-உம் 93-உம் உழைப்பாளர் கணக்கில் இல்லை. இரண்டு எருமைகள் உள்ள வீட்டில் பால் கறந்து, கொஞ்சம் சொசைட்டிக்கு ஊற்றி, மீதியைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு எந்தக் குறியீடு? விதிப்படி 21. ஆனால் வாசலில் உட்கார்ந்து பதில் சொல்லுகிறவர் பெரும்பாலும் கணவரோ மாமனாரோதான். "அது வீட்டில் சும்மாதான் இருக்கு" என்பார். அவர் பின்னால் அந்தப் பெண் சாணம் அள்ளிக்கொண்டிருப்பார். பொறுமையாக நாலு கேள்வி கூடுதலாகக் கேட்டால் 21 வரும். மாலைக்குள் இன்னும் ஆறு வீடு முடிக்க வேண்டும் என்று ஓடினால் 92 வரும். ஏற்றத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்கு வந்த பெண்களுடையது, எவ்வளவு பங்கு முன்பு எழுதாமல் விட்டதை இப்போது எழுதியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும் இருக்கும் என்பது களத்தில் இருந்தவனாக என் கணிப்பு.

மாலைவகுப்பு

அனைவருக்கும் மிக்க நன்றி. வகுப்பை நேற்று முடித்தேன். நிரல்களைப் போடுவதற்கு முன்னால் படிவக்காரர் ஐயாவின் குறியீடுகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தம் வீட்டில் இருப்பவர்களுக்குச் சென்ற வாரத்துக்கான குறியீட்டைத் தாங்களே போட்டுப் பார்க்கும்படி சொன்னேன். அப்பாவுக்குப் போடுவதில் எவருக்கும் சிக்கல் இல்லை. அம்மாவுக்குப் போடும்போது வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர் முதலில் 92 என்று எழுதினார்கள். கேள்விகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தியபின் நான்கு பேர்தான் அதில் நின்றார்கள்.

முதல் கேள்வியைக் கேட்ட அந்த மாணவிக்குத் தம்முடைய குறியீட்டிலேயே ஐயம் வந்துவிட்டது. பட்டம் முடித்து மூன்றாண்டுகளாக அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பித்து எழுதி வருகிறார். மாலையில் தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு மணி நேரம் டியூஷன் எடுக்கிறார். அதில் வரும் பணம் விண்ணப்பக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் ஆகிறது. தம்மை 81 என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். நான் உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

படிவக்காரர்

வார நிலையில் ஐயமே இல்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரம் போதும் என்பதால் அவர் வேலையில் உள்ளவர், குறியீடு 11. 365 நாள்களைப் பார்க்கும் வழக்கமான நிலையில், ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடினார் என்பதால் முதன்மை நிலை 81-தான். ஆனால் 30 நாள்களுக்குக் குறையாமல் துணைத் தொழில் செய்திருந்தால் அதையும் எழுத வேண்டும். முதன்மையும் துணையும் சேர்ந்த கணக்கில் அவர் உழைப்பாளர் பக்கம் போய்விடுவார். நீங்கள் முதல் நாள் பலகையில் எழுதிய 3.2 அந்தச் சேர்ந்த கணக்குதான். அதற்குள் அந்தப் பெண் இல்லை.